அளவு ஜாக்கெட்டை முதலில் மாற்றுங்கள்

49 வயது, கல்லூரியில் வேலை, பீரோ நிறையப் புடவை, ஆனால் காலையில் கட்ட ஒன்றும் அகப்படுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார் "இந்த வயசுல இந்தக் கலரா?" என்கிறார். மகள் "ஏம்மா கிழவி மாதிரி கட்டுறே?" என்கிறாள். ஐம்பதைத் தொடும்போது எப்படி உடுத்துவது, எதைக் கழிப்பது, தை மாதம் நடக்கப்போகும் அந்த மகள் கல்யாணத்துக்கு நீங்கள் என்ன கட்டுவது என்று கேட்கிறீர்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எனக்கு 63. மதுரையில் ஒரு கைத்தறிக் கூட்டுறவுக் கடையில் 31 வருடம் புடவைப் பிரிவில் நின்றவள். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த பெண்ணே பிறகு வளைகாப்புக்கு வருவாள், மகளின் சடங்குக்கு வருவாள், ஒருநாள் மருமகளோடு வந்து நிற்பாள். ஒரே முகத்தைப் பல வயதில் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் புடவைகளில் பெரும்பாலும் குறையில்லை. குறை ஜாக்கெட்டில் இருக்கிறது.

எனக்கே இது 51 வயதில்தான் புரிந்தது. மாதவிடாய் நின்ற வருடம் அது. அதே நாலைந்து புடவையைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவில் இருந்த எல்லாவற்றையும் கட்டிலில் இறக்கி எண்ணினேன். 94 இருந்தன. அதில் 58 புடவை ஒரு வருடமாக உடம்பில் ஏறவே இல்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஏன் கட்டவில்லை என்று யோசித்துத் தனித்தனியாக அடுக்கினேன். நிறம் பிடிக்காமல் ஒதுக்கியவை 9. கனம் தாங்காமல் விட்டவை 12. மீதி 37 புடவையும் நான் ஆசைப்பட்டு எடுத்தவை, இன்றும் கட்ட நினைப்பவை. அவற்றுக்கான ஜாக்கெட் சேரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் புதுப்புடவை எடுக்கப் போயிருந்தால் அதற்கும் பழைய அளவிலேயே தைத்து, 38-ஆவதாக உள்ளே வைத்திருப்பேன்.

நம் ஊரில் புதுத்துணியோடு அளவு ஜாக்கெட் ஒன்றையும் மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டால் தையல்காரருக்குப் போதும். அந்த அளவு ஜாக்கெட் எப்போது தைத்தது என்று யாரும் கேட்பதில்லை. என்னுடையது 34 வயதில் தைத்தது. நடுவில் ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் லூசா விடுங்கண்ணே" என்று சொல்வேன், அவரும் பக்கத் தையலைத் தள்ளிப் போடுவார். ஆனால் வயது ஏறும்போது உடம்பு பக்கவாட்டில் மட்டும் மாறுவதில்லை. முதுகு அகன்று லேசாக வளைகிறது. தோள் முன்னால் வருகிறது. மேல்கை தடிக்கிறது. மார்பு இறங்குகிறது. பக்கத்தில் மட்டும் துணி விட்டால் டக் முனை, அதாவது மார்புக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையலின் நுனி, மார்புக்கு மேலேயே நிற்கும், முன்கழுத்து தொங்கும், கைக்குழி அக்குளைப் பிடிக்கும். ஒரே ஜாக்கெட்டில் தோள் நழுவவும் செய்கிறது, அக்குள் இறுகவும் செய்கிறது என்றால் அளவே மாறிவிட்டது என்று அர்த்தம். அதைப் பிரித்துத் தைத்துச் சரிசெய்ய முடியாது.

ஆகவே உடம்பைக் காட்டி அளவு கொடுங்கள். ஒரு பெண் தையல்காரரிடம் போனால் கூச்சமில்லாமல் நின்று கொடுக்கலாம். தினமும் போடும் உள்ளாடையோடு போங்கள். அந்த உள்ளாடை எலாஸ்டிக் தளர்ந்து போனதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், ஏனென்றால் எல்லா அளவும் அதன்மேல்தான் உட்காரப் போகிறது. வழக்கமான அளவுகளோடு மூன்றைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். தோளிலிருந்து டக் முனை வரை எவ்வளவு, முதுகின் அகலம் எவ்வளவு, முழங்கையை மடக்கினால் மேல்கைச் சுற்று எவ்வளவு. இந்த மூன்றும்தான் நாற்பதுக்குமேல் அதிகம் மாறுகின்றன.

நல்ல பட்டுத்துணியில் உடனே கத்தரி வைக்க விடாதீர்கள். சாதாரண டூ பை டூ ஜாக்கெட் துணியில் முதலில் ஒன்று தைத்து, ஒரு முழு வேலைநாள் போட்டுப் பாருங்கள். கரும்பலகையில் மேல்வரியில் எழுதிப் பாருங்கள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று பாருங்கள். எங்கே இழுக்கிறது என்று சாயங்காலம் தெரிந்துவிடும். அதைத் திருத்தி, மறுபடி போட்டுப் பார்த்து, சரியாக உட்கார்ந்த பிறகு அதுதான் உங்கள் புது அளவு ஜாக்கெட். உள்பட்டியில் தேதியை மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். பழையதை வீட்டில் வைக்கவே வேண்டாம், என்றைக்காவது அவசரத்தில் அதுதான் பைக்குள் போகும்.

தைக்கும்போது இன்னும் சில கவனிக்க வேண்டும். புடவையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். முழங்கை வரை கை வேண்டும் என்றாலோ, உடம்பு கொஞ்சம் பருமன் என்றாலோ அது போதாது. துணி போதவில்லை என்பதற்காகக் கையைக் குட்டையாக்கியோ பின்பக்கம் ஒட்டுப்போட்டோ தைக்கச் சம்மதிக்காதீர்கள், ஒரு மீட்டர் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் துவையலில் லைனிங் சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும். பக்கத் தையலுக்கு உள்ளே இரு புறமும் ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள்.

37 புடவைக்கும் 37 ஜாக்கெட் தைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். கடைவீதியில் மேட்சிங் சென்டர்கள் பெருகியதிலிருந்து புடவையின் நிறத்திலேயே ஜாக்கெட் இருந்தாக வேண்டும் என்று நம் மனதில் ஏறிவிட்டது. பழைய குடும்பப் படங்களைப் பாருங்கள். பாட்டிகள் கட்டம்போட்ட கண்டாங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஜாக்கெட் போட்டு எவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்! நான் அரக்கு, கறுப்பு, கரும்பச்சை, சந்தனம், கலம்காரி அச்சுப் பருத்தி என்று ஐந்து தைத்தேன். ஐந்தும் கச்சிதமான அளவு. அந்த ஐந்தை வைத்தே 37-இல் 29 புடவையை வெளியே எடுத்துவிட்டேன். அன்று தையல்கூலிக்குச் செலவழித்த பணத்தில் நல்ல புடவை ஒன்றுகூட வந்திருக்காது.

உள்பாவாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். புடவை நழுவாமல் இருக்க நாடாவை வயிற்றில் பதியும்படி இறுக்கிக் கட்டுகிறோம். இருபது முப்பது வருடம் ஒரே இடத்தில் அந்த நாடா உராய்ந்து தோல் கறுக்கிறது, அரிக்கிறது, தடிக்கிறது. அபூர்வமாக அந்த இடத்தில் புண் ஆறாமல் நின்று புற்றாக மாறுவதும் உண்டு. வேட்டி இடுப்பில் இறுகும் இடத்தில் இதேபோல் வரும் புற்றுநோயை 1945-லேயே பம்பாயின் நோயியல் மருத்துவர் வி.ஆர். கனோல்கர் எழுதி வைத்திருக்கிறார். பயமுறுத்தச் சொல்லவில்லை. அரிப்போ ஆறாத புண்ணோ இருந்தால் மஞ்சள் தடவிக்கொண்டு வருடக்கணக்கில் மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நாடாவுக்குப் பதில் மூன்று விரல் அகலப் பட்டி வைத்த பாவாடை தைக்கலாம். முடிச்சை ஒருநாள் இடப்பக்கம், ஒருநாள் வலப்பக்கம் மாற்றலாம். வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடலாம்.

துணிக்கு வருவோம். உங்கள் வயதில் திடீரென்று கழுத்திலிருந்து வெப்பம் ஏறி வியர்த்துக் கொட்டும். பாலியஸ்டர் கலந்த புடவை அந்த வியர்வையை உறிஞ்சாது, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். "சுருக்கமே விழாது, தேய்க்க வேண்டாம்" என்று விற்பதெல்லாம் அநேகமாக இந்த வகை. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடையடித்து, விரலில் நசுக்கினால் தூளாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகக் குண்டுமணிபோல் நிற்கும்.

பருத்தி என்றால் எல்லாம் ஒன்றல்ல. கடையில் 80 கவுண்ட், 100 கவுண்ட், 120 கவுண்ட் என்று சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள நூல் சிட்டம் எத்தனை அடங்குகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. எண் ஏற ஏற நூல் மெலிது. 30 வயதில் எனக்குத் தடித்த செட்டிநாட்டுக் கண்டாங்கிதான் உயிர். பெரிய கரை, பெரிய கட்டம், நடையில் ஒரு மிடுக்கு வரும். இப்போதும் பிடிக்கும், ஆனால் இடுப்பில் அந்த மடிப்புகளின் பருமனை நாள் முழுக்கத் தாங்க முடிவதில்லை. இரண்டு மணிநேர விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிறேன். வேலைநாளுக்கு 100 கவுண்டுக்கு மேற்பட்ட மெல்லிய பருத்தியும் எங்கள் ஊர்ச் சுங்குடியும்தான். சுங்குடி நீங்கள் கல்லூரிக்குக் கட்ட அருமையான துணி. மதுரையின் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறைகளாகச் செய்யும் வேலை அது, 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, முடிச்சு அவிழ்த்த இடம் லேசாகக் கையில் நெருடும். அச்சடித்த புள்ளியும் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கிறது, விலையைப் பார்த்தாலே தெரியும். எதுவானாலும் முதல் இரண்டு மூன்று தடவை தனியாக அலசுங்கள்.

கஞ்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இளவயதில் கஞ்சி போட்ட மொடமொடப்பு எடுப்பாக இருந்தது. இப்போது வயிறும் இடுப்பும் பெருத்தபின் அது உடம்பைவிட்டு விலகி நின்று இன்னும் பெருக்கிக் காட்டும். கோவைக் கோரா காட்டனும் அப்படித்தான் நிற்கும். நீர்க்கஞ்சி போதும், கொசுவம் அடங்கி விழ வேண்டும்.

இனி நிறம். உங்கள் மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் வளர்ந்த காலம் அப்படி. ஐம்பது தாண்டினால் வெளிர் நிறம், பேரன் பிறந்தால் இன்னும் வெளிர், கணவர் போய்விட்டால் நிறமே இல்லை. என் அம்மாவுக்கு 46 வயதில் அப்பா தவறினார். அன்றிலிருந்து சாம்பல், வெளிர்நீலம், பழுப்பு, அவ்வளவுதான். 70-ஆவது வயதில் ஒருநாள் என்னைப் பார்க்கக் கடைக்கு வந்தவர், மேசையில் விரித்திருந்த அரக்குச் சுங்குடியின் கரையைத் தடவிக்கொண்டே "இது எனக்கு ஆகுமாடி?" என்று கேட்டார். 24 வருடத்தில் அவர் தனக்காக என்று கேட்ட முதல் புடவை. மறுநாளே ஜாக்கெட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் கட்டினார். அப்புறம் ரேஷன் கடைக்குக் கட்டிக்கொண்டு போனார். தெருவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லாத ஒரு தடைக்கு அம்மா தன் வாழ்நாளில் 24 வருடத்தைக் கொடுத்திருந்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். அதனால்தான், வயதானால் நிறத்தைக் குறைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

நிறம் முகத்துக்குச் சேர்கிறதா என்று பார்ப்பது வேறு விஷயம், அது அவசியம். முடி நரைக்கும்போது முகத்தைச் சுற்றியிருந்த கறுப்பு குறைகிறது. முன்பு நன்றாயிருந்த சந்தன நிறமும் வெங்காயச் சருகு நிறமும் இப்போது முகத்தைச் சோகையாகக் காட்டலாம். நரைத்த தலைக்கு மயில்கழுத்து, அரக்கு, கத்திரிப்பூ, கரும்பச்சை எல்லாம் நல்ல எடுப்பு. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் பெயரால் இன்றும் கடைகளில் கேட்கும் எம்.எஸ். புளூவை, வெள்ளி முடியோடு ஒருவர் கட்டி வந்தால் நான் வேலையை விட்டுப் பார்த்து நின்றிருக்கிறேன். முகத்துக்குப் பக்கத்தில் வருவது ஜாக்கெட்டும் தோளில் விழும் முந்தானையும்தான், அந்த இரண்டும் சேர்ந்தால் புடவையின் உடல் நிறம் எதுவாயினும் சமாளித்துவிடலாம். டியூப் லைட் வெளிச்சத்தை நம்பாதீர்கள். அந்தக் காலத்துப் பெண்கள் புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சில விற்பனையாளர்கள் சலித்துக்கொள்வார்கள், நான் நானாகவே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். வீட்டில் ஜன்னலோரம் கண்ணாடி வைத்து, ஒவ்வொன்றையும் தோளில் போட்டுப் பாருங்கள். உங்கள் மகளையே பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அவள் சொல்வதில் உண்மை இருக்கும். அவள் "கிழவி மாதிரி" என்பது பெரும்பாலும் தொளதொள ஜாக்கெட்டைப் பார்த்துத்தான் என்பது என் கணிப்பு.

சுடிதார் போடலாமா என்று ஓர வரியில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். 2019-இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு இட்ட ஆணையே புடவை, சல்வார், துப்பட்டாவோடு சுடிதார் எல்லாவற்றையும் ஏற்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படியேறப் புடவையைவிட அது எளிது. டாப்ஸுக்கும் அதே விதிதான், தோள் சரியாக உட்கார வேண்டும்.

செருப்பு அளவையும் ஒருமுறை பாருங்கள். வயதாக ஆகப் பாதத்தின் வளைவு தளர்ந்து கால் நீளமும் அகலமும் கூடும், 6 போட்டவருக்கு 7 தேவைப்படலாம். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். குதிகால் உயரத்தைக் குறைத்தால் புடவையையும் அதற்கேற்ப ஏற்றிக் கட்ட வேண்டும். கொசுவம் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

எதைக் கழிப்பது? ஜாக்கெட் மாற்றியும் ஒரு வருடம் கட்டாதவற்றைக் கொடுத்துவிடுங்கள். பருத்தியானால் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. பழைய பட்டை மட்டும் அவசரப்பட்டுத் தெருவில் கூவி வருபவரிடம் எடைக்குப் போடாதீர்கள். பழைய அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, அதற்காகத்தான் அவர் வாங்குகிறார். வைத்துக்கொள்ளும் பட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள். பூச்சி உருண்டை ஜரிகையில் பட்டால் கறுக்கும், வசம்பைத் துணியில் முடிந்து போட்டால் போதும்.

இந்தப் பட்டுப் பேச்சு கல்யாணத்தில் கொண்டுவந்து விட்டது. என்ன கட்டுவது என்று கேட்டீர்கள். உங்கள் முகூர்த்தப் பட்டே இருந்தால் அதைத்தான் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள், இழை விட்டிருந்தால் ஒளி ஊடுருவும். உடலும் முந்தானையும் சேரும் பிட்னியையும், உடலோடு கோத்து நெய்த கோர்வைக் கரையையும் இரு கையால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உறுதியாக இருந்தால் கட்டலாம். கனம்தான் பிரச்சினை என்றால் முகூர்த்தத்துக்கு அதைக் கட்டி, தாலி ஏறியதும் மெல்லிய ஆரணிப் பட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஹோமப் புகையிலும் கூட்டத்திலும் நாலைந்து மணிநேரம் ஓடியாடப்போவது நீங்கள்தான். புதிதாக எடுத்தால், அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, சின்னக் கரையாக எடுங்கள்.

ஜாக்கெட்டுக்குக் கார்த்திகையிலேயே அளவு கொடுத்துவிடுங்கள், தை நெருங்கினால் நல்ல தையல்காரர் யாரும் கையில் அகப்படமாட்டார்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பே வாங்கிப் போட்டு, கையை உயர்த்தி அட்சதை போடுவதுபோல் போட்டுப் பாருங்கள், மகளைக் கட்டி அணைத்தும் பாருங்கள். அக்குள் பிடித்தால் பிரித்துவிட நேரம் இருக்கும்.